தெரியாமல் செய்தார்களா? — டேரியன் நகரம் சொல்லும் சாட்சியம்

மில்லில் வேலை செய்கிற தோழருக்குப் புகைபோக்கியைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஊரின் எந்த மூலையில் நின்றாலும் அது கண்ணில் படும். சங்கு ஊதினால் அதை நோக்கித்தான் ஓட வேண்டும். மில்லை மூடிவிட்டு முதலாளி போன பிறகும் புகைபோக்கி மட்டும் நின்றுகொண்டிருக்கும்.

அமெரிக்காவின் தெற்குப் பகுதியில், ஜார்ஜியா மாகாணத்தில், அட்லாண்டிக் கடலோரத்தில் டேரியன் என்று ஒரு சிறு நகரம் இருக்கிறது. ஜனத்தொகை சுமார் 1,500. அல்டமாஹா என்ற பெரிய ஆறு கடலில் கலக்கும் இடத்தில் ஊர் அமைந்திருக்கிறது. ஊரைத் தாண்டித் தெற்கே சாலையில் போனால், ஆற்றுத் தீவு ஒன்றில் உயரமான செங்கல் புகைபோக்கி தன்னந்தனியாக நிற்கிறது. அது ஒரு அரிசி மில்லின் புகைபோக்கி. மில் போய்விட்டது. நெல் விளைந்த வயல்களில் இப்போது கோரையும் நீர்ப்பறவைகளும்தான். அந்த மில்லுக்கு நெல் விளைவித்தவர்கள் ஒரு காசு கூலி வாங்காதவர்கள். அவர்கள் அடிமைகள்.

நகரத்துக்குள் இன்னொரு சின்னம் இருக்கிறது. 1736-ல் அங்கே குடியேறிய ஸ்காட்லாந்து மலைநாட்டுக்காரர்களுக்காக, இருநூறாவது ஆண்டில், 1936-ல் எழுப்பிய நினைவுச் சின்னம் அது. ஊரைப் பற்றி எழுதுகிறவர்கள் இதிலிருந்துதான் ஆரம்பிப்பார்கள். கட்டம்போட்ட பாவாடை, தோள்பை வாத்தியம், வீரம், சுதந்திர தாகம் என்று வருணித்துக்கொண்டே போவார்கள்.

“சரி, அடிமைகள் சங்கதி என்ன?” என்று கேட்டால் தயாராக ஒரு பதில் வைத்திருக்கிறார்கள். “அது தப்புதான். ஆனால் காலம் அப்படி. அது தப்பு என்று அன்றைக்கு யாருக்கும் தெரியாது. இன்றைய கண்ணால் அன்றைய மனிதர்களைப் பார்க்கலாமா?”

தோழர்களே! இந்தப் பதில் நமக்குப் புதிதல்ல. உழைப்பவன் கணக்குக் கேட்கும் இடத்திலெல்லாம் இதைத்தான் சொல்கிறார்கள். “அந்தக் காலத்து வழக்கம்” என்று ஒரு போர்வையைப் போர்த்திவிட்டால் எந்தக் கொடுமையும் மூடிவிடும் என்பது அவர்கள் நம்பிக்கை. ஆனால் டேரியனில் இந்தப் போர்வை போதாது. அடிமை முறை தப்பு என்பது அந்த ஊருக்குத் தெரியும். ஊர் பிறந்து மூன்றே ஆண்டுகளில், பதினெட்டுப் பேர் எழுதிக் கையெழுத்துப் போட்டு வைத்துவிட்டார்கள்!

வந்தவர்கள் யார்?

டேரியன் என்ற பெயரே ஒரு நஷ்டக் கணக்கின் பெயர். 1696-ல் ஸ்காட்லாந்தில் ஒரு கம்பெனி பங்கு விற்றுப் பணம் திரட்டியது. பனாமா பூசந்தியில் டேரியன் என்ற இடத்தில் குடியேற்றம் அமைத்து உலக வியாபாரத்தையே பிடித்துவிடலாம் என்று ஆசை காட்டியது. காய்ச்சலிலும் பட்டினியிலும் சுமார் 2,000 பேர் மாண்டார்கள். 1700-ல் எல்லாம் முடிந்தது. 1707-ல் ஸ்காட்லாந்து இங்கிலாந்துடன் இணைக்கப்பட்டபோது, கம்பெனியின் பங்குதாரர்களுக்கு நஷ்ட ஈடு கிடைத்தது. செத்தவர்களுக்கு என்ன கிடைத்தது? முப்பத்தாறு ஆண்டுகள் கழித்து ஜார்ஜியாவில் ஒரு ஊருக்கு அந்தப் பெயர் கிடைத்தது. அவ்வளவுதான்.

1736 ஜனவரியில் இன்வர்னெஸ் பக்கத்திலிருந்து கப்பலேறி வந்தவர்கள் ஆண், பெண், குழந்தை எல்லாம் சேர்த்து 177 பேர். 1715-ல் நடந்த கலகம் தோற்றபின் மலைநாட்டில் வறுமையும் அடக்குமுறையும் வாட்டின. ஜார்ஜியாவை நிறுவிய ஓகல்தோர்ப்புக்கு ஆள் தேவை. தெற்கே ஃபுளோரிடாவில் ஸ்பானியர் இருந்தார்கள். அவர்களுக்கு எதிரே நிறுத்த ஒரு கையில் கலப்பையும் மறு கையில் துப்பாக்கியும் பிடிக்கக்கூடிய ஆட்கள் வேண்டும். பஞ்சத்தில் அடிபட்டவனைத் தேடிப் பிடித்து எல்லையில் காவல் வைத்தார்கள். அந்த நிலமும் காலியாகக் கிடந்த நிலமல்ல. பழங்குடி மக்களின் நிலம்.

அப்போது ஜார்ஜியாவில் ஒரு விசேஷம் இருந்தது. அடிமைகளை வைத்துக்கொள்ளக் கூடாது என்று 1735-ல் சட்டம் போட்டிருந்தார்கள். அடுத்த மாகாணமான தென் கரோலினாவிலோ அடிமைகளை வைத்து நெல் விளைத்துப் பண்ணையார்கள் கொழுத்துக்கொண்டிருந்தார்கள். இதைப் பார்த்து ஜார்ஜியாவில் சிலருக்கு வாயூறியது. சவானா நகரத்திலிருந்த அவர்கள், “எங்களுக்கும் அடிமைகள் வேண்டும், சட்டத்தை மாற்று” என்று 1738 டிசம்பரில் மகஜர் அனுப்பினார்கள்.

அவர்களின் தலைவர்களில் முக்கியமானவர் பாட்ரிக் டெய்ல்ஃபர் என்ற வைத்தியர். அவர் எந்த நாட்டுக்காரர் தெரியுமா? அவரும் ஸ்காட்லாந்துக்காரர்தான்! சமவெளி ஸ்காட்லாந்திலிருந்து கையில் பணத்தோடு வந்தவர்.

பதினெட்டுக் கையெழுத்து

1739 ஜனவரி 3-ஆம் தேதி டேரியனின் மலைநாட்டுக்காரர்கள் பதில் மகஜர் ஒன்று எழுதினார்கள். அடிமை முறை வேண்டாம் என்றார்கள். பதினெட்டுப் பேர் கையெழுத்திட்டார்கள். முதலில் நின்றது அவர்கள் தலைவரான ஜான் மோர் மெக்கிண்டாஷ்.

அதில் ஐந்து காரணங்கள் இருந்தன. ஸ்பானியர் பக்கத்தில் இருக்கிறார்கள். அடிமைகள் அங்கே ஓடிப் போவார்கள் என்பது ஒன்று. நாங்களே உழைக்கத் தெரிந்தவர்கள், அது போதும் என்பது இன்னொன்று. அடிமைகளை வாங்கினால் கடனில் மூழ்குவோம். அவர்களைக் காவல் காக்கவே எங்கள் ஆட்கள் போய்விடுவார்கள் என்று மேலும் இரண்டு. ஐந்தாவது காரணம்தான் முக்கியம். ஒரு மனித இனத்தையும் அதன் சந்ததிகளையும் என்றென்றைக்கும் அடிமைகளாக வைப்பது மனித இயல்புக்கே அதிர்ச்சி தரும் காரியம் என்றும், அவர்கள் ஒரு நாள் சுதந்திரத்துக்காக எழுந்தே தீருவார்கள், அன்று ரத்தம் சிந்தும் என்றும் எழுதினார்கள்.

இந்த மகஜரைப் புனித சாசனமாக்கிக் கும்பிட நாம் வரவில்லை. ஓகல்தோர்ப் கேட்டுக்கொண்டதால்தான் எழுதினார்கள் என்பது உண்டு. நான்கு காரணங்கள் சொந்த நலனைப் பார்த்தவை. அதனாலென்ன? பழங்குடி நிலத்தில் உட்கார்ந்துகொண்டு எழுதியவர்கள்தான். இருந்தாலும் ஐந்தாவது காரணத்தை எழுதிய கை மண்ணைக் கிளறிய கை. காசு வைத்திருந்த ஸ்காட்லாந்துக்காரன் அடிமை கேட்டான். கலப்பை பிடித்த ஸ்காட்லாந்துக்காரன் வேண்டாம் என்றான். ஒரே நாடு, ஒரே இரத்தம், பிறகு வித்தியாசம் எங்கே வந்தது? மடியில் இருந்த காசில் வந்தது. “ஸ்காட்லாந்துப் பாரம்பரியம்” என்று ஒரே மூட்டையாகக் கட்டி விற்கிறவர்கள் இந்த வித்தியாசத்தைச் சொல்வதில்லை.

மறு ஆண்டே இந்த மலைநாட்டுக்காரர்களை ஸ்பானியருக்கு எதிரான சண்டைக்கு இட்டுச் சென்றார்கள். கரோலினாவிலிருந்து தப்பிய கறுப்பு மக்கள் சுதந்திரமாக வாழ்ந்த மோசே என்ற கோட்டையில் அவர்களைக் காவல் வைத்தார்கள். 1740 ஜூன் மாதம் ஸ்பானியப் பட்டாளமும், அதோடு சேர்ந்து அந்தக் கறுப்பு வீரர்களும் விடியுமுன் பாய்ந்தார்கள். டேரியன்காரர்கள் ஏராளமாக மாண்டார்கள், பலர் சிறைப்பட்டார்கள். ஜான் மோர் மெக்கிண்டாஷும் பிடிபட்டார். அடிமை முறை கூடாது என்று எழுதியவனும், அடிமைத்தளையை அறுத்துக்கொண்டு ஓடியவனும் இரண்டு ராஜாக்களின் சண்டையில் ஒருவரையொருவர் குத்திக்கொண்டு செத்தார்கள். இதைவிடக் கொடுமை வேண்டுமா?

மகனும் கொள்ளுப்பேரனும்

சவானாக்காரர்கள் விடவில்லை. நச்சரித்தார்கள், லண்டனுக்கு ஆள் அனுப்பினார்கள், துண்டுப் பிரசுரம் அச்சிட்டார்கள். கடைசியில் வென்றார்கள். 1751 முதல் ஜார்ஜியாவில் அடிமை முறை சட்டப்படி செல்லுபடியாயிற்று.

பிறகு டேரியனில் என்ன நடந்தது? ஜான் மோரின் மகன் லாக்லன் மெக்கிண்டாஷ் அல்டமாஹா ஆற்றோரத்தில் நெல் பண்ணை வைத்தான். யாரை வைத்து விளைத்தான்? அடிமைகளை வைத்து! 1775 ஜனவரி 12-ஆம் தேதி, இங்கிலாந்து ராஜாவை எதிர்த்து டேரியன் கமிட்டி ஒரு தீர்மானம் போட்டது. அதில் அடிமை முறையை வெறுப்பதாகவும், அடிமைகளை விடுவிக்கப் பாடுபடப்போவதாகவும் ஒரு பகுதி வருகிறது. அதில் கையெழுத்திட்டவர்களில் இந்த லாக்லனும் ஒருவன். தீர்மானம் காகிதத்தில் தங்கியது. அடிமைகள் வயலில் தங்கினார்கள்.

ஜான் மோரின் கொள்ளுப்பேரன் தாமஸ் ஸ்பால்டிங். டேரியனுக்கு எதிரே உள்ள சாப்பெலோ தீவின் பெரும் பண்ணையார். பருத்தியும் கரும்பும் பயிரிட நூற்றுக்கணக்கான அடிமைகளை வைத்திருந்தான். கொள்ளுத்தாத்தா கையெழுத்திட்ட மகஜர் அவனுக்குத் தெரியாதா? அவன் படித்தவன், சட்டசபையில் உட்கார்ந்தவன்.

இப்போது சொல்லுங்கள், “யாருக்கும் தெரியாது” என்ற வாதம் எங்கே போயிற்று? தாத்தாவுக்குத் தெரிந்தது பேரனுக்கு எப்படித் தெரியாமல் போகும்? அறிவு குறையவில்லை, தோழர்களே. லாபம் கூடியது. லாபம் கூடக் கூட மனிதன் எவ்வளவு தெரிந்திருந்தாலும் தெரியாதவன்போல் நடிக்கக் கற்றுக்கொள்கிறான்.

சேற்றில் நின்றவர்கள்

அந்த லாபம் எப்படி வந்தது என்பதை வயலில் இறங்கிப் பழகியவர்கள்தான் சரியாகப் புரிந்துகொள்வார்கள்.

கடலில் அலை ஏறும்போது ஆற்று நீர் பின்னுக்குத் தள்ளப்பட்டு உயரும். உப்பு நீர் கனம். அது அடியில் நிற்கும். நல்ல நீர் மேலே மிதக்கும். அந்த வேளை பார்த்து மதகைத் திறந்தால் நல்ல நீர் வயலுக்குள் பாயும். அலை இறங்கும்போது திறந்தால் வயல் வடியும். இறைப்பு வேலை கிடையாது. ஆனால் இதற்கு முதலில் காட்டை அழிக்க வேண்டும். பாம்பும் முதலையும் நிறைந்த சதுப்பில் மரங்களை வெட்டி, வேரைப் பிடுங்கி, மைல் கணக்கில் கரை போட்டு, வாய்க்கால் வெட்ட வேண்டும். அத்தனையும் மண்வெட்டியால் செய்தார்கள் ஆப்பிரிக்க அடிமைகள்.

நெல் சாகுபடி துரைமார் கற்றுக்கொடுத்த வித்தையும் அல்ல. மேற்கு ஆப்பிரிக்காவின் நெல் விளையும் கடற்கரைகளிலிருந்து பிடித்து வந்தவர்களில் பலர் தலைமுறை தலைமுறையாக நெல் விளைத்தவர்கள். உரலும் உலக்கையும் அவர்களோடு வந்தன. கோரையால் பின்னிய அகன்ற முறத்தில் அவர்கள் நெல் புடைத்தார்கள். உமி பறக்க முறத்தைத் தட்டும் அந்தக் கையை நம் வீட்டுப் பெண்கள் பார்த்திருந்தால் “நம்மைப் போலவே புடைக்கிறாளே!” என்றிருப்பார்கள்.

வேலையை “இன்றைய பங்கு” என்று அளந்து விடுவார்கள். பெரும்பாலும் ஆளுக்குக் கால் ஏக்கர். முடிக்காவிட்டால் சவுக்கு. கோடை வந்தால் தேங்கிய நீரில் மலேரியா கிளம்பும். துரையும் துரைசானியும் மே மாதமே குளிர்ச்சியான ஊருக்குப் போய்விடுவார்கள். அடிமைகள் எங்கே போவார்கள்? முழங்கால் அளவு சேற்றில் களை பிடுங்கிக்கொண்டிருப்பார்கள்.

நான் ஆரம்பத்தில் சொன்ன புகைபோக்கி நிற்கும் தீவின் பெயர் பட்லர் தீவு. அதன் சொந்தக்காரன் பியர்ஸ் மீஸ் பட்லர். அவனுடைய தாத்தா பெரிய பட்லர், 1787-ல் அமெரிக்க அரசியல் சட்டம் எழுதியவர்களில் ஒருவன். தப்பியோடும் அடிமையைப் பிடித்துத் திருப்பித்தர வேண்டும் என்ற ஷரத்தைக் கொண்டு வந்தவனே அவன்தான். பேரனுக்கு வாய்த்த மனைவி பானி கெம்பிள் என்ற இங்கிலாந்து நாடக நடிகை. 1838-39 குளிர்காலத்தில் அவள் இங்கே வந்து சில மாதம் தங்கினாள். பார்த்ததை எழுதி வைத்தாள்.

அடிமைப் பெண்கள் அவளிடம் கூட்டமாக வந்தார்கள். என்ன கேட்க வந்தார்கள்? பிரசவமாகி மூன்று வாரத்தில் வயலுக்கு விரட்டுகிறார்கள், அதை நான்கு வாரமாக்கச் சொல்லுங்கள் அம்மா என்று கேட்க வந்தார்கள். ஒரு வாரம்! அதற்காக மன்றாடினார்கள். ஒவ்வொருத்தியிடமும் எத்தனை பிள்ளை பெற்றாய், எத்தனை உயிரோடு இருக்கிறது என்று கெம்பிள் குறித்துக்கொண்டாள். ஆறு பெற்றவளுக்கு ஒன்றே மிஞ்சியிருந்தது. பதினொன்று பெற்றவள் ஐந்தைப் புதைத்திருந்தாள். புருஷனிடம் கெம்பிள் முறையிட்டாள். அவன் இனிமேல் அவர்களுக்காக வாய் திறக்காதே என்று தடை போட்டான். பிறகு விவாகரத்தாயிற்று. அவளுடைய இரண்டு பெண் குழந்தைகளும் தகப்பனிடம் போயின. 1863-ல்தான் அந்தக் குறிப்புகள் புத்தகமாக வெளிவந்தன.

குதிரைக் கொட்டிலில் மனிதர்கள்

பட்லர் துரைக்குச் சூதாட்டம். பங்குமார்க்கெட் மோகம் வேறு. கடன் கழுத்தை நெரித்தது. விற்க என்ன இருந்தது? மனிதர்கள் இருந்தார்கள். 1859 மார்ச் 2, 3 தேதிகளில் சவானா நகரக் குதிரைப் பந்தய மைதானத்தில் ஏலம் நடந்தது. நெல் தீவிலும் பருத்தித் தோட்டத்திலும் பிறந்து வளர்ந்த ஆண், பெண், குழந்தைகளைக் கொண்டுவந்து குதிரைக் கொட்டிலில் அடைத்து வைத்தார்கள். வாங்க வந்தவர்கள் வாயைத் திறந்து பல்லைப் பார்த்தார்கள். கையைப் பிடித்துச் சதையை அழுத்தினார்கள். இரண்டு நாளும் விடாமல் மழை. 429 பேர் விலை போனார்கள். மொத்தத் தொகை 303,850 டாலர்.

ஏலம் முடிந்ததும் பட்லர் துரை தர்மவானாகிவிட்டான். விலை போன ஒவ்வொருவருக்கும் ஒரு டாலர் சில்லறை கொடுத்தான்! வாழ்நாள் உழைப்புக்கும் உற்றாரைப் பிரிந்த கண்ணீருக்கும் போனஸ் ஒரு டாலர். அந்த இரண்டு நாளையும் கறுப்பு மக்கள் “அழுத காலம்” என்று இன்றும் நினைவில் வைத்திருக்கிறார்கள்.

நான்கு ஆண்டு கழித்து, உள்நாட்டுப் போரில், 1863 ஜூன் 11-ஆம் தேதி வடக்குப் பட்டாளம் வந்து டேரியனைக் கொளுத்தியது. உத்தரவு போட்டவர் கர்னல் மாண்ட்கோமரி. கறுப்பு வீரர்களைக் கொண்ட 54-ஆவது மாசசூசெட்ஸ் படையின் தலைவர் ராபர்ட் கோல்டு ஷா அது வெட்கக்கேடு என்று மனம் வெதும்பிக் கடிதம் எழுதினார். ஜனங்கள் விட்டுப்போன ஊரைக் கொளுத்தியது சரியென்று நாமும் சொல்லவில்லை. ஆனால் ஒன்று கேட்கிறோம். வீடுகள் எரிந்ததற்கு நூற்றாண்டுக் கணக்கில் துக்கம் கொண்டாடத் தெரிந்தவர்களுக்கு, 429 பேரை ஏலம் விட்டதற்கு ஒரு நாள் தலைகுனிய ஏன் இத்தனை காலம் பிடித்தது?

அந்த 54-ஆவது படை வீரர்களைப் பற்றி மில் தோழர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய சங்கதி ஒன்று உண்டு. வெள்ளைச் சிப்பாய்க்கு மாதம் 13 டாலர். கறுப்புச் சிப்பாய்க்கு 10, அதிலும் உடுப்புக்காக 3 பிடித்தம். “சம வேலைக்குச் சம சம்பளம், இல்லையேல் ஒரு காசும் வேண்டாம்” என்று அவர்கள் சம்பளத்தையே தொடாமல் ஓராண்டுக்கு மேல் போர்முனையில் நின்றார்கள். 1864-ல் அமெரிக்க காங்கிரஸ் பணிந்தது.

நிலம் வந்தது, நிலம் போனது

1865 ஜனவரி 16-ஆம் தேதி ஜெனரல் ஷெர்மன் சவானாவிலிருந்து ஒரு உத்தரவு போட்டார். கடலோரத் தீவுகளும், பண்ணையார்கள் விட்டோடிய நெல் வயல்களும் விடுதலையான மக்களுக்கு. குடும்பத்துக்கு 40 ஏக்கர் வரை. சுமார் 40,000 பேர் நிலத்தில் இறங்கினார்கள். இருநூறு ஆண்டுக் கனவு! கரையைச் சரிசெய்தார்கள், விதைத்தார்கள், பள்ளிக்கூடம் கட்டினார்கள்.

ஒரு போகம் எடுப்பதற்குள் இடி விழுந்தது. அதே ஆண்டு ஜனாதிபதி ஜான்சன் நிலத்தைப் பழைய பண்ணையார்களுக்கே திருப்பிக் கொடுத்தார். ஆளை விடுதலை செய்தார்கள். அவன் நிற்கும் மண்ணைப் பிடுங்கிக்கொண்டார்கள். நிலமில்லாதவனுக்குக் கொடுத்த சுதந்திரம் எத்தனை நாள் தாங்கும்? உழுகிறவனுக்குத்தான் இதன் பதில் தெரியும்.

இந்த நேரத்தில் டேரியனுக்கு வந்தார் டூனிஸ் காம்ப்பெல் என்ற கறுப்புத் தலைவர். நியூஜெர்சியில் 1812-ல் பிறந்தவர். தீவிலிருந்து பட்டாளம் வெளியேற்றிய பிறகு, டேரியன் பக்கத்தில் ஒரு பண்ணையை ஏற்பாடு செய்து கறுப்பு விவசாயிகளின் சங்கம் அமைத்தார். 1868-ல் மாகாணச் சட்டசபைக்குத் தேர்வானார். டேரியனில் நியாயாதிபதியாகவும் இருந்தார். கூலி ஒப்பந்தத்தைப் படித்துப் பார்க்காமல் கைநாட்டு வைக்காதே என்றார். உழைப்பாளியை அடித்த வெள்ளையனையும் கூண்டில் ஏற்றினார்.

பட்லரின் மகள் பிரான்சிஸ் திரும்பி வந்து தீவில் மறுபடி நெல் விளைக்கப் பார்த்தாள். காம்ப்பெல்லைத் திட்டியே பக்கம் பக்கமாக எழுதினாள். கறுப்பு ஆட்கள் கூலி பேசத் தொடங்கியதும் இங்கிலாந்திலிருந்து கூலியாட்களை இறக்கினாள். அவர்கள் அந்தச் சேற்றில் தாக்குப்பிடிக்கவில்லை, திட்டம் படுத்துவிட்டது. உள்ளூர்க்காரன் கூலி கேட்டால் வெளியூர்க்காரனை இறக்கு! எவ்வளவு பழைய தந்திரம் பாருங்கள்.

காம்ப்பெல்லைத் தேர்தலில் அசைக்க முடியவில்லை. ஆகவே கோர்ட்டுக்கு இழுத்தார்கள். தன் அதிகாரத்தை மீறி ஒரு வெள்ளையனைச் சிறையில் அடைத்தார் என்று குற்றச்சாட்டு. 1876-ல், அறுபது வயதைத் தாண்டிய அந்த மனிதரைக் கைதிக் கூலியாக ஒரு பண்ணைக்கு வாடகைக்கு விட்டார்கள். ஆம், வாடகைக்கு! 1865-ல் அடிமை முறையை ஒழித்த சட்டத் திருத்தத்திலேயே ஒரு சந்து வைத்திருந்தார்கள்: குற்றத்துக்குத் தண்டனையாக மட்டும் கட்டாய உழைப்பு வாங்கலாம். அந்தச் சந்து வழியாக அடிமை முறை மறுபடி உள்ளே நுழைந்தது. சுமார் ஓராண்டு கழித்து விடுதலையானவர் ஜார்ஜியாவை விட்டே போனார்.

மணி அடித்தது

பிறகு டேரியனில் மரம் அறுக்கும் மில்கள் வந்தன. உள்நாட்டுப் பைன் மரங்களைத் தெப்பமாகக் கட்டி ஆற்றில் மிதக்கவிட்டார்கள். துறைமுகத்தில் கப்பல்கள் நெருக்கின. கறுப்புத் தொழிலாளிகள் அறுத்தார்கள், ஏற்றினார்கள்.

1899 ஆகஸ்டில் ஹென்றி டெலிகேல் என்ற கறுப்பர்மீது ஒரு வெள்ளைப் பெண்ணைப் பலாத்காரம் செய்ததாகக் குற்றம் சாட்டி டேரியன் சிறையில் அடைத்தார்கள். அந்நாளில் அப்படி அடைக்கப்பட்ட கறுப்பரைக் கும்பல் இழுத்துப்போய் மரத்தில் தொங்கவிடுவது வழக்கம். டேரியன் மக்கள் அதற்கு இடம் கொடுக்கவில்லை. சிறையைச் சுற்றிக் காவல் இருந்தார்கள். அவரை வெளியே கொண்டுபோக முயன்றபோதெல்லாம் பக்கத்து மாதாகோயில் மணி அடித்தது. மணி கேட்டதும் நூற்றுக்கணக்கான பேர் ஆயுதத்தோடு திரண்டார்கள். கவர்னர் பட்டாளத்தை அனுப்பினார். டெலிகேல் பத்திரமாகச் சவானாவுக்குப் போனார். விசாரணையில் குற்றமற்றவர் என்று விடுதலையும் ஆனார்.

காவல் நின்றவர்கள் கதி? கலகம் செய்ததாக இருபதுக்கு மேற்பட்டோருக்குத் தண்டனை. ஒரு நிரபராதியின் உயிரைக் காப்பாற்றியதுதான் அவர்கள் செய்த கலகம்!

அந்த மணியோசைக்குச் சின்னம் வைத்திருந்தால், அதுவல்லவா டேரியனின் பாரம்பரியச் சின்னம்?

இன்றும் அதே கேள்வி

நெல் போயிற்று. காட்டை மொட்டையடித்த பிறகு மர மில்களும் போயின. டேரியனுக்கு மிஞ்சியது இறால் படகு. அந்தப் பிழைப்பும் இன்று நொடிந்து கிடக்கிறது. வெளிநாட்டு இறால் மலிவாக வந்து குவிகிறது. 2010-களின் நடுப்பகுதியிலிருந்து அப்படிக் குவிந்ததில் பெரும்பங்கு இந்தியாவிலிருந்து போனது. இங்கே இறால் கொட்டகையில் விரல் மரத்துப்போகத் தோலுரிக்கும் பெண்தான் எதிரி என்று டேரியன் படகுக்காரனிடம் சொல்வார்கள். அவளுக்கும் கூலி போதாது. அவனுக்கும் விலை போதாது. நடுவில் நின்று இரண்டு பக்கமும் கறக்கிறவன் யார் என்பதைத்தான் இருவரும் பார்க்க வேண்டும்.

சாப்பெலோ தீவில் பழைய அடிமைகளின் வாரிசுகள் இன்னும் ஒரு சிற்றூரில் வாழ்கிறார்கள். ஹாக் ஹம்மாக் என்று பெயர். தீவில் பல இடங்களில் வாழ்ந்தவர்களைப் புகையிலைக் கோடீசுவரர் ரெனால்ட்ஸ் அந்த ஒரே இடத்துக்கு ஒதுக்கித் தள்ளினார். அந்தச் சிற்றூருக்கும் ஆபத்து வந்தது. 2023 செப்டம்பரில் மாவட்ட நிர்வாகம் அங்கே கட்டக்கூடிய வீட்டின் அளவை 1,400 சதுர அடியிலிருந்து 3,000 ஆக உயர்த்தியது. கேட்பதற்குச் சின்னச் சங்கதி. ஆனால் பணக்காரன் மாளிகை கட்டினால் நிலத்தின் விலை ஏறும். விலை ஏறினால் வரி ஏறும். வரி கட்ட முடியாதவன் மண்ணை விற்றுவிட்டுப் படகேற வேண்டியதுதான். சவுக்கு இல்லாமலே வெளியேற்றும் வித்தை இது!

2024 அக்டோபர் 19-ஆம் தேதி அந்தச் சமூகத்தின் விழாவுக்கு வந்தவர்கள் நின்ற படகுத்துறை நடைபாலம் இடிந்து ஏழு பேர் மாண்டார்கள். துக்கத்திலும் அந்த மக்கள் தளரவில்லை. அதற்கு முன்பே கையெழுத்துத் திரட்டியிருந்தார்கள். அளவை உயர்த்திய விதியை ஜனங்களின் ஓட்டுக்கு விடு என்றார்கள். நிர்வாகம் கோர்ட்டுக்குப் போய்த் தடுத்திருந்தது. 2025-ல் ஜார்ஜியா உச்ச நீதிமன்றம், ஓட்டுக்கு விடக் கேட்கும் உரிமை மக்களுக்கு உண்டு என்று தீர்ப்பளித்தது.

ஆக, டேரியனில் மறுபடியும் மகஜர், மறுபடியும் கையெழுத்து. ஆனால் இம்முறை கையெழுத்திட்டவர்கள் யார்? 1739-ல் பதினெட்டுப் பேர் யாருக்காக எழுதினார்களோ அந்த மக்களின் சந்ததிகள், தங்களுக்காகத் தாங்களே!

இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கவனியுங்கள். பதினெட்டுப் பேரின் மகஜர் நல்ல மனத்தில் பிறந்தது. லாபம் வந்ததும் அவர்கள் பிள்ளைகளே அதை மறந்தார்கள். நல்ல மனம் பரம்பரைச் சொத்தாக இறங்குவதில்லை. சேற்றில் நின்றவனின் நினைவோ தலைமுறை தாண்டியும் மறக்கவில்லை. அவனுக்கு மறக்க வசதி இல்லை.

இனி யாராவது நம்மிடம் வந்து, “அந்தக் காலத்தில் யாருக்கும் தெரியாது” என்று எந்தக் கொடுமைக்காவது வக்காலத்து வாங்கினால், டேரியனைக் காட்டுங்கள். தெரிந்தது, எழுதினார்கள், கையெழுத்தும் போட்டார்கள், பிறகு லாபத்தை எண்ணிக்கொண்டே செய்தார்கள் என்று சொல்லுங்கள். அந்தத் தீவில் நிற்கும் புகைபோக்கியே சாட்சி!